கார்வெட்டின் பின்பக்கத்தை இறக்கும் நீள போல்ட்டுகள்: வீட்டிலேயே மாற்றலாமா?

1978 கார்வெட் (செவர்லேயின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய இரும்பு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபைபர் கிளாஸ் ஸ்பிரிங் போட்டிருக்கிறார். அதன் பிறகு காரின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதை இறக்க 10 அங்குல நீள போல்ட்டுகளும் வாங்கிவிட்டார். வீட்டு கராஜில் தரை ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்துக்கொண்டு தானே மாற்றிவிடலாமா, எவ்வளவு இறக்குவது சரி என்பதுதான் கேள்வி.

தாராளமாக மாற்றலாம். போல்ட் மாற்றுவது மட்டும் என்றால் அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் அந்த போல்ட் பிடித்து வைத்திருப்பது காரின் பின்பாதி எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கை. போல்ட்டைக் கழற்றும் நேரத்தில் அந்த ஸ்பிரிங் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் இந்த வேலையில் முதல் கேள்வி. போல்ட் போட்ட பிறகு கார் தரையில் எப்படி நிற்கிறது, சக்கரம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. நடுவில் இருக்கும் நட்டுக் கழற்றும் வேலை எளிது. அதனால் இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1963-இல் ஸ்டிங் ரே என்ற மாடல் வந்தபோது கார்வெட்டுக்குப் பின்பக்கம் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் கிடைத்தது. அதே அமைப்புதான் சிறு மாற்றங்களோடு 1982 வரை, அதாவது இரண்டாம் மூன்றாம் தலைமுறைக் கார்கள் முழுவதிலும் தொடர்ந்தது. லாரிப் பட்டறையில் பட்டை என்கிறோமே, அதே லீஃப் ஸ்பிரிங்தான் இதிலும். ஆனால் லாரியில் போல நீளவாட்டில் இரண்டு கிடையாது. ஒரே ஒரு பட்டை, காரின் குறுக்கே கிடக்கிறது. அதன் நடுப்பகுதி, இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்கு அடியில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். இரண்டு நுனிகளும் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு பக்கத்துக் கரங்களான டிரெய்லிங் ஆர்ம்களின் பின்முனைக்கு அடியில் வந்து நிற்கும். நுனியையும் ஆர்மையும் இணைப்பது ஒரு நீண்ட போல்ட். அதன் மேலும் கீழும் கிண்ண வாஷர்கள், ரப்பர் குஷன்கள், கோட்டை மதில் போல மேலே வெட்டுகள் உள்ள ஒரு காசில் நட்டு, அது கழன்றுவிடாமல் இருக்கத் துளையில் செருகிக் கால்களை மடக்கும் ஒரு காட்டர் பின். அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கின் நுனி எப்போதும் கீழ்நோக்கித் தள்ளப் பார்க்கும். ஆர்ம் அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே ஸ்பிரிங் இந்த போல்ட்டைக் கீழே இழுக்கிறது, போல்ட் ஆர்மைக் கீழே இழுக்கிறது, ஆர்ம் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. அதாவது அந்த போல்ட் நாள் முழுக்க இழுவிசையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. போல்ட் நீளமானால் ஆர்ம் ஸ்பிரிங் நுனியிலிருந்து மேலே விலகும், சக்கரம் உடலுக்குள் ஏறும், கார் இறங்கும். நீள போல்ட் போட்டால் கார் உயரும் என்று எண்ணி, தலைகீழாகத் திருகிவிட்டுக் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த இழுவிசைப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. டிரெய்லிங் ஆர்ம் முன்பக்கம் ஃபிரேமில் ஊசலாடுகிறது. சக்கர மையம் நடுவில், போல்ட் அதற்கும் பின்னால். போல்ட் இருக்குமிடம் ஊசல் புள்ளியிலிருந்து சக்கரத்தைவிடத் தள்ளி இருப்பதால், போல்ட்டில் ஓர் அங்குலம் விட்டால் சக்கரத்தில் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். எனவே டேப்பில் கண்ட வித்தியாசத்தை அப்படியே நட்டில் திருப்பிவிட்டு, கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று திகைக்க வேண்டாம்.

புது ஸ்பிரிங் போட்டதும் கார் ஏன் தூக்கிக்கொண்டது? இந்தக் கார்களில் வழக்கமாக வந்தது 9 தகடுகள் அடுக்கிய இரும்பு ஸ்பிரிங். கெட்டி சஸ்பென்ஷன் கேட்டு வாங்கியவர்களுக்கு 7 தடித்த தகடுகள். நாற்பது ஐம்பது வருடத்தில் அவை தளர்ந்து தொய்ந்திருக்கும். உங்கள் கண்ணும் அந்தத் தொய்ந்த உயரத்துக்கே பழகியிருக்கும். இப்போது போட்டிருப்பது ஒற்றைத் தகடு, தொய்வு இல்லாதது. அதன் வளைவும் விறைப்பும் பழையதைப் போல இருக்காது. 1981-இல் செவர்லே நிறுவனமே ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் ஃபைபர் கிளாஸ் ஒற்றைத் தகட்டைக் கொண்டுவந்தது. 40 பவுண்டுக்கு மேல் எடையுள்ள இரும்பு இருந்த இடத்தில் சுமார் 8 பவுண்டு. நல்ல பொருள் அது. சந்தையில் மாற்றாகக் கிடைக்கும் ஸ்பிரிங்குகள் பல விறைப்புகளில் வருகின்றன. விறைப்பானதை எடுத்தால் கார் உயரமாக நிற்பது சகஜம். நீள போல்ட்டுகள் விற்பனையாவதே பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். பந்தயக் கார் போலத் தரையோடு ஒட்டவைக்க அல்ல, உயர்ந்துவிட்டதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர. நீங்களும் அதே நோக்கத்தோடு இதைச் செய்தால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

வேலையைத் தொடங்குமுன் ஸ்பிரிங் போட்ட பிறகு கார் குறைந்தது நூறு மைலாவது ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். குஷன்கள் அமர வேண்டும், ஸ்பிரிங் நடுவில் நன்றாகப் படிய வேண்டும். போட்ட அன்றே பார்த்துவிட்டு உயரம் என்று முடிவு கட்டுவது அவசரம்.

அளவெடுப்பதைச் சோம்பலில்லாமல் செய்யுங்கள். சமதளமான தரையில் நிறுத்துங்கள். கராஜ் தரை பெரும்பாலும் கதவுப் பக்கம் சரிந்திருக்கும், ஒரு மட்டப்பலகை வைத்துப் பார்ப்பது நல்லது. டயர் காற்று சரியாக இருக்கட்டும். பெட்ரோல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இது விளையாட்டான விஷயம் இல்லை. 1978 முதல் இந்தக் காருக்கு 24 காலன் டேங்க், அதுவும் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. நிரம்பினால் ஏறக்குறைய 65 கிலோ. வற்றிய டேங்கோடு அளந்து இறக்கிவிட்டு, நிரப்பியதும் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று வருந்துவதில் பயனில்லை. பாதி டேங்க் இருக்கும்போது அளப்பதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை ஓர் அளவு, தரையிலிருந்து ஃபிரேமின் அடிப்பகுதி வரை இன்னோர் அளவு, இரண்டு பக்கமும் எடுங்கள். ஃபெண்டர் விளிம்பை மட்டும் நம்பாதீர்கள். கார்வெட்டின் உடல் ஃபைபர் கிளாஸ். அது ஃபிரேமின்மேல் மவுண்ட்டுகளும், இடைவெளியை நிரப்பும் சிம் என்ற மெல்லிய தகடுகளும் வைத்து உட்கார்த்தப்பட்டது. இடது விளிம்பும் வலது விளிம்பும் கால் அங்குலம் வித்தியாசப்படுவதால் சஸ்பென்ஷன் கோணல் என்று அர்த்தமில்லை. ஃபிரேம் அளவு சமமாக இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

அளவெடுக்கும்போதே காருக்குப் பின்னால் குனிந்து டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அரை ஷாஃப்ட்டுகளைப் பாருங்கள். அவை ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும் உயரம்தான் இந்த சஸ்பென்ஷனுக்கு ஏற்றது. இப்போது உங்கள் காரில் அவை சக்கரத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். மட்டத்துக்கு வரும்வரை இறக்குங்கள், அங்கேயே நிறுத்துங்கள். எவ்வளவு இறக்கலாம் என்று கேட்டதற்கு என் பதில் இதுதான். அங்குலக் கணக்கில் கேட்டால், பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்குள் முடிந்துவிடும். போல்ட்டில் இன்னும் மரை மிச்சமிருக்கிறதே என்று இறக்கிக்கொண்டே போகக் கூடாது. அதற்குமேல் போனால் ஷாக் அப்ஸார்பர் பள்ளத்தில் முட்டும், டயர் ஃபெண்டர் விளிம்பை உரசும், பின்னால் தொங்கும் ஸ்டெப்னித் தொட்டி வீட்டு வாசல் சரிவில் இடிக்கும்.

வாங்கிய போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலையில் ஆறு கோடுகள் இருந்தால் வலு அதிகமான கிரேடு 8, மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5. நான் கிரேடு 8 தவிர வேறெதையும் இங்கே போட மாட்டேன். காட்டர் பின்னுக்கான துளைகள் போல்ட்டின் நுனியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறதா பாருங்கள். அந்தத் துளைகள்தான் நீங்கள் நட்டை நிறுத்தக்கூடிய உயரங்கள். துளையே இல்லாத போல்ட் வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

என் கார் வாங்கிய காலத்தில் ஒரு பக்கம் போல்ட்டுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் முழுநீள மரைக் கம்பி போட்டிருந்தது. இரண்டு முனையிலும் நட்டு, காட்டர் பின் எதுவும் இல்லை. கழற்றிப் பார்த்தால் குஷன் உராய்ந்த இடத்தில் மரை தேய்ந்து இடுப்பு சிறுத்திருந்தது. யார் போட்டது என்று தெரியாது, ஆனால் அந்தக் காரில் என் பிள்ளையை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன். மரைக் கம்பி இந்த இழுவிசைக்காகச் செய்யப்பட்டதில்லை. ஓடும்போது இந்த இணைப்பு அறுந்தால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாமல் போகும். கார் அந்த மூலையில் அப்படியே உட்காரும், டயர் ஃபெண்டருக்குள் ஏறிவிடும். பழைய கார் வாங்கியவர்கள் போல்ட் மாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒருமுறை அடியில் படுத்து, அங்கே உண்மையான போல்ட்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி வேலை. காரைத் தூக்குவதிலிருந்தே கவனம் வேண்டும். இந்தக் காரில் பார்க்கிங் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் காரில் பார்க் போட்டாலும் பின்சக்கரங்களைத்தான் அது தடுக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இரண்டுமே காற்றில்; கார் உருளாமல் தடுப்பது முன்சக்கரத்துக்கு நீங்கள் வைக்கும் கட்டைகள் மட்டும்தான். ஆகவே முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் நல்ல கட்டைகள் வையுங்கள். செங்கல் வேண்டாம்.

பலர் தரை ஜாக்கியை டிஃபரென்ஷியலுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவார்கள். உங்கள் காரில் அங்கே ஃபைபர் கிளாஸ் ஸ்பிரிங்கின் நடுப்பகுதி இருக்கிறது, ஜாக்கித் தலை அதைக் கடிக்கும். அதனால் ஃபிரேமில் கொடுத்து ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, அப்புறம் மறுபக்கம். ஸ்டாண்டுகள் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், ஃபிரேமின் நேர்ப்பகுதியில் நிற்கட்டும். உடல் ஓரத்தில் ஒருபோதும் வேண்டாம், ஃபைபர் கிளாஸ் நொறுங்கும்.

ஃபிரேமைத் தொடுமுன் அது உண்மையிலேயே இரும்பாக இருக்கிறதா என்று சுத்தியால் தட்டிப் பாருங்கள். ஓஹையோ, மிச்சிகன் மாதிரி குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் மாநிலங்களில் ஓடிய கார் என்றால், பின்சக்கரத்துக்கு முன்னால் ஃபிரேம் வளைந்து ஏறும் இடம் உள்ளிருந்து அரித்துப்போவது இந்தத் தலைமுறைக் கார்வெட்டுக்கே உரிய நோய். டிரெய்லிங் ஆர்ம் நுழையும் பொந்தும் அதே இடத்தில்தான். தட்டும்போது கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டாலோ, ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனாலோ போல்ட் வேலையை நிறுத்திவிடுங்கள். முதலில் வெல்டிங் தெரிந்தவரிடம் போக வேண்டிய கார் அது.

சக்கரத்தைக் கழற்றுங்கள். காரை மெல்ல அசைத்துப் பார்த்து ஸ்டாண்டில் உறுதியாக நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கழற்றிய சக்கரத்தை ஃபிரேமுக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் வழுக்கினாலும் கார் சக்கரத்தின்மேல்தான் விழும். ஒரு சாதாரணப் பழக்கம், எந்தச் செலவும் இல்லை.

காட்டர் பின்னும் நட்டும் துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை அடித்துவைத்துவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. இரவு முழுக்க ஊறிய நட்டுக்கும் பத்து நிமிடம் ஊறிய நட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காட்டர் பின்னின் தலை உடைந்து வந்தால் மிச்சத்தைச் சிறு பஞ்ச்சால் தட்டி வெளியே தள்ளலாம். கேஸ் விளக்கால் சூடுபடுத்தும் ஆசை வரும். ஃபைபர் கிளாஸ் ஸ்பிரிங்குக்கு அருகில் நெருப்பே கூடாது. அதன் பிசின் சூட்டில் கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இப்போது ஸ்பிரிங்கை அடக்கும் கட்டம். இங்கே அவசரப்படாதீர்கள்.

ஸ்பிரிங்கின் நுனியிலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே தள்ளி சி வடிவ இறுக்குப் பிடியான ஒரு கனமான சி கிளாம்ப்பை இறுக்க வேண்டும். அந்தக் காலத்து செவர்லே பட்டறை நூல் சொல்லும் முறை இது. பலர் இதைத் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். தேவையற்றது இல்லை. ஜாக்கியை ஸ்பிரிங்குக்கு அடியில், போல்ட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில், கிளாம்ப்பை ஒட்டி வைக்கிறோம். ஸ்பிரிங்கை விடுவிக்கும்போது அதன் நுனி கீழே வளைந்து இறங்கும். அப்போது அதன் அடிப்பரப்பு சரிவாக மாறி ஜாக்கித் தலையை காரின் நடுப்பக்கமாக வழுக்கித் தள்ளும். கிளாம்ப் இல்லாவிட்டால் ஜாக்கி நழுவும், அத்தனை விசையும் ஒரே நொடியில் கீழே பாயும். கிளாம்ப் இருந்தால் ஜாக்கித் தலை அதில் முட்டி நிற்கும். வாசலுக்குக் கட்டை வைப்பது மாதிரிதான்.

இரும்பு ஸ்பிரிங் என்றால் கிளாம்ப்பை நேராகக் கடிக்கவிடலாம். உங்களுடையது ஃபைபர் கிளாஸ் என்பதால் மேலும் கீழும் கெட்டி மரத்துண்டு வைத்து இறுக்குங்கள். ஜாக்கித் தலைக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையிலும் ஒரு மரத்துண்டு அல்லது தடித்த ரப்பர். இந்தப் பொருளில் கீறல் விழுந்தால் அங்கிருந்துதான் இழைகள் பிரியத் தொடங்கும். மரம் கொஞ்சம் வழுக்கும் என்பதால் கிளாம்ப்பை இறுக்கியபின் கையால் தட்டி, அசைகிறதா என்று பாருங்கள்.

ஜாக்கியை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். ஸ்பிரிங் நுனி மேலே ஏறும், போல்ட்டின் இழுப்பு தளரும். குஷன்கள் ஊதி எழும். கிண்ண வாஷரைக் கையால் அசைக்க முடியும். அதுதான் எடை விலகிவிட்டது என்பதற்கு அடையாளம். உயர்த்தும்போது ஒரு கண் ஸ்டாண்டின் மேலேயே இருக்கட்டும். கார் ஸ்டாண்டிலிருந்து ஒரு தாள் அளவு எழும்பினாலும் நிறுத்துங்கள். நீங்கள் ஸ்பிரிங்கை அல்ல, காரையே தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். விறைப்பான ஸ்பிரிங்கில் இது நடக்கும். அப்படியானால் போல்ட்டுக்கு இன்னும் நெருக்கமாக கிளாம்ப்பையும் ஜாக்கியையும் நகர்த்தி மறுபடி முயலுங்கள், நெம்புகோல் நீளம் கூடினால் குறைந்த விசை போதும்.

எடை விலகியதும் நட்டைக் கழற்றுங்கள். உங்கள் முகமும் மார்பும் ஸ்பிரிங் நுனிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருந்து வேலை செய்யுங்கள். ஸ்பிரிங்குக்கும் ஆர்முக்கும் இடையில் விரல் போகவே கூடாது. நட்டு வெளியே வந்ததும் ஜாக்கியின் வால்வை நூல் நூலாகத் திறந்து இறக்குங்கள். ஸ்பிரிங் தன் இயல்பான வளைவுக்கு வந்து சும்மா கிடக்கும்வரை ஜாக்கி அதைவிட்டு விலகக் கூடாது. நட்டு திருகாமல் போனால் போல்ட்டை ரம்பத்தால் அறுக்கலாம். ஆனால் ஜாக்கி எடையை முழுதாக வாங்கிய பின்புதான், போல்ட் தளர்ந்து ஆடுகிறது என்று கையால் உறுதிசெய்த பின்புதான். இழுப்பில் இருக்கும் போல்ட்டை அறுத்தால் கடைசி நூலில் அது தானே அறுந்து பறக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் அப்படியே இருந்தால் வாஷரும் குஷனும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் குழிந்து இருந்தன என்று சந்தேகம் வரும்போது எட்டிப் பார்க்கலாம்.

பழைய போல்ட் வெளியே வந்ததும் ஆர்மின் முனையில் உள்ள துளையைச் சுற்றித் துரு அரித்திருக்கிறதா, ஸ்பிரிங் நுனித் துளை நீள்வட்டமாகி இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இதே நேரத்தில் சக்கர ஹப்பை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் நல்லது. இந்த வடிவமைப்பில் அரை ஷாஃப்ட்தான் சஸ்பென்ஷனின் மேல் கரமாகவும் வேலை செய்கிறது. அதன் முனையில் மடங்கும் இணைப்பான யூனிவர்சல் ஜாயின்டோ டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் அச்சு நுனியோ தேய்ந்திருந்தால் சக்கரம் உள்ளே வெளியே சாயும். அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எத்தனை கவனமாக உயரம் வைத்தாலும் அலைன்மென்ட் நிற்காது.

புது போல்ட்டுக்குப் புது குஷன்கள். ரப்பரா பாலியூரித்தேனா என்ற விவாதம் ஓயாதது. சாலையில் ஓட்டும் காருக்கு நான் ரப்பரே போடுவேன். ஸ்பிரிங் மேலும் கீழும் அசையும்போது அதன் நுனி நேர்கோட்டில் போகாது, வில் போல ஒரு வளைவில் போகும். அதனால் போல்ட் ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் சாய்ந்து நிமிர்கிறது. அந்தச் சாய்வுக்கு இடம்விடுவதுதான் குஷனின் வேலை. பாலியூரித்தேன் நீடித்து உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் விறைப்பு அதிகம், கீச்சிடும், சாய்வை எதிர்த்து போல்ட்டையே வளைக்கப் பார்க்கும். அதையே போட விரும்பினால், அந்தக் குஷனோடு வரும் கிரீஸைத் தடவாமல் போடாதீர்கள்.

மரை துருவில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் என்ற பசையைக் கொஞ்சம் தடவிவிடுங்கள், பத்து வருடம் கழித்துக் கழற்றும்போது நன்றி சொல்வீர்கள். திரும்பப் பூட்டுவது கழற்றியதைவிடச் சுலபம். போல்ட் நீளமாகிவிட்டதால் ஸ்பிரிங்கை முன்போல அவ்வளவு மேலே தள்ள வேண்டியதில்லை, நட்டு சீக்கிரமே மரையைப் பிடித்துவிடும். கிளாம்ப்பும் ஜாக்கியும் அதே இடத்தில், அதே கவனத்தோடு. நட்டை முதலில் கடைசித் துளைக்குக் கொண்டுபோக வேண்டாம். பழைய போல்ட்டில் தலைக்கும் நட்டுக்கும் இடையே எத்தனை அங்குலம் இருந்தது என்று அளந்து, அதைவிட அரை அங்குலம் மட்டும் கூட்டி வைத்துத் தொடங்குங்கள். துளை நேராக வராவிட்டால் அடுத்த துளைக்குத் திருகுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

இந்தக் கட்டத்தில் காட்டர் பின்னைத் தற்காலிகமாகவாவது மாட்டாமல் காரை இறக்காதீர்கள். ஒருமுறை வேறொரு வேலைக்காக என் காரை ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். திரும்பி வந்து சில வாரம் கழித்துப் பின்னால் டக் டக் என்று சத்தம். பார்த்தால் ஒரு பக்கம் பின்னே இல்லை, நட்டு பாதி மரை கழன்று வந்திருந்தது. இந்த நட்டு முறுக்கு விசையால் நிற்பதில்லை. மெத்தென்ற குஷனை அழுத்தி நிற்கும் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது பூட்டிக்கொள்ளாது. அதைக் காப்பது அந்தச் சின்னப் பின் மட்டும்தான். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடவும் கூடாது. புதிது சில காசுதான்.

சக்கரங்களை மாட்டி, காரைத் தரையில் இறக்கியதும் டேப்பை எடுக்காதீர்கள். தூக்கியபோது பின்சக்கரங்கள் அடியில் உள்வாங்கி இருக்கும். இறக்கும்போது டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் அவை முழுதாக விரியாது, கார் உண்மையைவிட உயரமாக நிற்கும். முதல் தடவை நான் இதை அறியாமல், போல்ட் போட்டும் இறங்கவே இல்லையே என்று உடனே மறுபடி ஜாக்கி வைத்து இன்னும் இறக்கினேன். மறுநாள் ஓட்டிவிட்டு வந்தபோது டயர் ஃபெண்டருக்குள் புதைந்திருந்தது. தெருவைச் சுற்றி மெதுவாக ஒரு மைல் ஓட்டி, வேகத்தடை இருந்தால் அதன்மேல் ஏறி இறங்கி, அதே இடத்தில் அதே திசையில் நிறுத்தி, அப்புறம் அளந்து பாருங்கள். பெட்ரோல் அளவு முன்பு இருந்ததே இருக்கட்டும்.

இன்னும் இறக்க வேண்டுமென்றால் மறுபடி ஜாக்கி, மறுபடி கிளாம்ப். ஒருமுறை செய்துவிட்டதால் இரண்டாம் சுற்று அரை மணி நேரத்தில் முடியும். ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து நின்றால் அந்தப் பக்க நட்டில் மட்டும் ஒரு துளை விட்டுச் சரிசெய்யலாம். அதற்குமேல் வித்தியாசம் என்றால் காரணம் போல்ட்டில் இல்லை. நடு போல்ட்டுகளில் ஸ்பிரிங் சரியாக அமர்ந்திருக்கிறதா, முன்பக்க ஸ்பிரிங் ஒன்று தொய்ந்து காரைக் குறுக்காகச் சாய்க்கிறதா என்று அங்கே தேடுங்கள்.

உயரம் பிடித்துப்போனதும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கார் இறங்கும்போது அரை ஷாஃப்ட்டும் அதற்குக் கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் ராட் என்ற கம்பியும் வெவ்வேறு வளைவில் நகர்வதால் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும். கேம்பர் எதிர்மறைப் பக்கம் போகிறது என்பது இதைத்தான். கண்ணுக்குக் கம்பீரமாக இருக்கும், ஆனால் டயரின் உள்விளிம்பை ஒரே கோடையில் தின்றுவிடும். ஸ்ட்ரட் ராடின் உள்முனையில் இருக்கும், மையம் விலகிய வட்டத் தகடு கொண்ட கேம் போல்ட்டுகளைத் திருப்பினால் இதைச் சரிசெய்யலாம். துருவால் அவையும் உறைந்திருக்க வாய்ப்புண்டு, ஆகவே அடியில் படுத்திருக்கும்போதே அவற்றுக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். டோ, அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, டிரெய்லிங் ஆர்மின் முன்முனையில் ஃபிரேம் பொந்துக்குள் செருகப்பட்ட சிம் தகடுகளால் அமைவது. அதை வீட்டில் நூல் கட்டிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். முதல் முறையாக இதைச் செய்பவர் நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யும் இடத்துக்குப் போவதே நல்லது. ஆனால் போவதற்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தலைமுறைக் கார்வெட்டின் பின்பக்கத்துக்குச் சிம் வைத்துப் பழக்கம் உண்டா? முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, பின்னால் சரிசெய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடும் இடங்கள் உண்டு.

ஷாக் அப்ஸார்பரையும் ஒருமுறை பாருங்கள். அடுக்குத் தகடுகள் ஒன்றோடொன்று உரசும்போது அந்த உரசலே துள்ளலைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டிருந்தது. ஒற்றைத் தகட்டில் அது கிடையாது, முழுப் பொறுப்பும் ஷாக்கின் தலையில். பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங்கும் நீள போல்ட்டும் சேர்ந்தால் பின்பக்கம் படகு மாதிரி ஆடும், போல்ட்தான் காரணம் என்று தோன்றும்.

ஐம்பது மைல் ஓட்டிய பிறகு மறுபடி அடியில் படுத்து இரண்டு நட்டும் அதே துளையில் நிற்கிறதா, பின்னின் கால்கள் விரிந்து மடிந்தபடி இருக்கிறதா, குஷன் ஒருபக்கமாகப் பிதுங்குகிறதா என்று பாருங்கள். நட்டுக்கு வெளியே மிஞ்சி நிற்கும் மரைப்பகுதி சக்கரத்தின் உள்விளிம்பையோ டயரின் பக்கச் சுவரையோ நெருங்குகிறதா என்றும் பாருங்கள், குறிப்பாக நீங்கள் அகலமான டயர் போட்டிருந்தால். அங்கே ஒரு விரல் போகும் இடைவெளிகூட இல்லையென்றால், உயரம் இறுதியான பிறகு, கடைசிக் காட்டர் துளைக்கு வெளியே இருக்கும் மிச்சத்தை அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டு, வெட்டிய முகத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள்.